வேகம் வேண்டுமா, இணைப்பு வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நாங்கள் விநாடிக்கு 40 மெகாபிட் வேகம் கொண்ட திட்டத்தில் இருப்பதைக் கைப்பேசியில் சரிபார்த்துவிட்டு, ‘இந்தக் காலத்தில் நாற்பதை வைத்துக்கொண்டு என்ன சார் செய்வீர்கள்? முந்நூறுக்கு மாறிவிடுங்கள். மாதம் முந்நூற்றைம்பது ரூபாய்தான் கூடுதல்’ என்றார். மகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். மகன் கல்லூரியில் படிக்கிறான். பிள்ளைகளின் எதிர்காலத்துக்கான செலவு என்று கருதி ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் மகளுக்குக் காணொலி வழியே நேர்முகத் தேர்வு. பத்தாவது நிமிடத்தில் படம் உறைந்தது. குரல் துண்டுதுண்டாகக் கேட்டது. பின்னர் இணைப்பே அறுந்தது. அவள் மீண்டும் உள்ளே நுழைவதற்குள் அடுத்தவரின் முறை தொடங்கிவிட்டது. மறுவாய்ப்பு கிடைக்கவில்லை. ‘முந்நூறு இருந்தும் ஏன் அப்பா இப்படி?’ என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடப் புகுந்தபோது, இது என் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல என்பது புரிந்தது. குடும்பங்கள் மாதந்தோறும் செலுத்தும் கட்டணமும், அரசுகள் செலவிடும் பெருந்தொகையும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து சேர்கின்றன: ஒரு சாமானியக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை?

நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே அப்போது கிடைத்த வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். 2004-ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே அது அகன்ற அலைவரிசை என்றது. 2013-இல் அந்த அளவு 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 2015-இல் 25 மெகாபிட்டாக இருந்த அளவுகோல், 2024 மார்ச்சில் 100 மெகாபிட் ஆனது. சிங்கப்பூரோ, நாடு தழுவிய வலையமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் அளவுக்கு மேம்படுத்த 10 கோடி சிங்கப்பூர் டாலர் வரை ஒதுக்குவதாக 2024-இல் அறிவித்தது.

இந்த எண்களை அடுத்தடுத்துப் பார்க்கும் எவருக்கும், தாம் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. விற்பனைப் பிரதிநிதியின் முதலீடே அந்த அச்சம்தான். ஆனால், ஒரு நாட்டின் வலையமைப்புக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பது வேறு. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு.

ஒரு மாலை நேரத்துக் கணக்கு

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். விளம்பரங்களில் வரும் ‘எம்.பி.பி.எஸ்.’ மருத்துவப் பட்டம் அல்ல. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதன் சுருக்கம். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சமாக இறங்குவது 12.5 மெகாபைட் மட்டுமே.

இனி எங்கள் வீட்டின் மாலை நேரத்தைக் கணக்கிடுகிறேன். கூடத்துத் தொலைக்காட்சியில் உயர் தெளிவுத்திறனில் ஒரு திரைப்படம் ஓடுகிறது. அதற்கு 5 மெகாபிட் போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் பரிந்துரை. மகள் காணொலிக் கூட்டத்தில் இருக்கிறாள். அதற்கு ஏறத்தாழ 4 மெகாபிட். மகன் இணைய விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். பலரும் நினைப்பதற்கு மாறாக, விளையாடும்போது செலவாகும் தரவு மிகக் குறைவு. 1 மெகாபிட் தாராளம். என் மனைவி கைப்பேசியில் நாடகத் தொடர் பார்க்கிறார். இன்னொரு 5 மெகாபிட். மொத்தம் 15. தொலைக்காட்சியை ‘4கே’ தரத்துக்கு மாற்றினால், நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைப்படி அதற்கு மட்டும் 15 வேண்டும். அப்போதும் மொத்தம் 25-ஐத் தாண்டாது. என் பழைய 40 மெகாபிட் திட்டத்திலேயே இவ்வளவுக்கும் இடம் இருந்திருக்கிறது.

இது என் கணக்கு மட்டுமல்ல. 2019-இல் அமெரிக்காவின் ‘தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, தன் செய்தியாளர்கள் 53 பேரின் வீட்டு இணையப் பயன்பாட்டை அளந்து பார்த்தது. ஒரே நேரத்தில் பல காணொலிகளை ஓடவிட்டபோதும், அதிவேகத் திட்டங்களில் இருந்தவர்கள் தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் சிறு பகுதியையே பயன்படுத்தினர்.

இதைவிடத் தெளிவான சான்று, நம் தெருக்கம்பத்திலேயே தொங்குகிறது. கண்ணாடி இழை இணைப்புகளில் பரவலாக உள்ள ‘ஜிபான்’ தொழில்நுட்பத்தில், ஓர் இழையில் வரும் ஏறத்தாழ 2.5 கிகாபிட் பதிவிறக்க வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அந்த 64 வீடுகளும் ஒரே விநாடியில் முழு வேகத்தைக் கோரினால், வீட்டுக்கு 40 மெகாபிட் கூடக் கிடைக்காது. அப்படியிருந்தும் முந்நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று நிறுவனங்களால் விற்க முடிகிறதென்றால், வாங்கியவர்கள் எல்லோரும் ஒருசேர அதைப் பயன்படுத்துவதில்லை என்பதை அவை நன்கு அறிந்திருக்கின்றன என்றே பொருள். இதில் மோசடி ஏதுமில்லை. குடிநீர்க் குழாயும் மின்சாரமும்கூட இப்படித்தான் பகிரப்படுகின்றன. ஆனால், நாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பது நல்லது.

கோளாறு எங்கே இருந்தது?

பக்கத்துத் தெருவில் கணினி வலையமைப்புப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். கூடத்தில், ரவுட்டருக்கு அருகில், வேகம் 280 மெகாபிட். மகளின் அறையில் 9. இடையில் இரண்டு செங்கல் சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. கம்பியைக் கொண்டுவந்தவர் தமக்கு வசதியாக வாசல் மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்களும் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருந்தோம்.

வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால், அதில் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்காக அடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். வீட்டு வாசல் வரை ஒளியாக வந்த தரவு, கடைசிப் பத்து மீட்டரில் தடுமாறுகிறது. அந்தப் பத்து மீட்டரை எந்த உயர்விலைத் திட்டமும் சரிசெய்வதில்லை.

இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. மகள் நேர்முகத் தேர்வில் இருந்த அதே நேரத்தில், மகனின் கைப்பேசி கல்லூரி விழாவில் எடுத்த காணொலிகளைத் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியே செல்லும் பாதை நிரம்பியதும், ரவுட்டர் எல்லாவற்றையும் வரிசையில் நிற்க வைக்கிறது. சுங்கச்சாவடியில் சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதுபோல, மகளின் குரல் அந்தப் பெருங்கோப்புகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இக்குறைக்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. வரிசையை முறையாக நிர்வகிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால், மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் அவை இல்லை. ‘முந்நூறு’ என்ற எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருந்த துண்டறிக்கையில், பதிவேற்ற வேகம் எவ்வளவு என்ற தகவலே இல்லை.

மூன்றாவது, தாமதம். ஓர் இணையப் பக்கம் என்பது ஒரே பொட்டலமாக வந்து சேர்வதில்லை. நம் கணினிக்கும் தொலைவில் உள்ள வழங்கிக்கும் இடையே பலமுறை கேள்வியும் பதிலும் நடந்த பிறகே திரையில் விரிகிறது. கூகுள் நிறுவனப் பொறியாளராக இருந்த மைக் பெல்ஷி 2010-இல் ஒரு சோதனையில் இதைக் காட்டினார். வேகம் 5 மெகாபிட்டைத் தாண்டிய பிறகு, அதை இரட்டிப்பாக்கினாலும் பக்கம் திறக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. போய்வரும் நேரத்தைக் குறைத்தபோதோ ஒவ்வொரு படியிலும் பலன் தெரிந்தது. அன்றைவிட இன்றைய பக்கங்கள் கனமானவை என்பதால் அந்த எண் மாறியிருக்கலாம்; அடிப்படை மாறவில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிங்கப்பூருக்குப் போய்வர, வேறு தடையே இல்லாவிட்டாலும் ஆயிரத்தில் 30 பங்கு விநாடி ஆகும். நாற்பதுக்குப் பணம் கட்டியவருக்கும் ஆயிரத்துக்குப் பணம் கட்டியவருக்கும் அது ஒன்றுதான்.

ரவுட்டரை நடைக்கூடத்தின் நடுவே உயரத்தில் மாற்றினோம். மகளின் மேசைக்கு நேரடியாக ஒரு கம்பி இழுத்தோம். கைப்பேசிச் சேமிப்பு நள்ளிரவில் மட்டும் நடக்குமாறு அமைத்தோம். செலவு சில நூறு ரூபாய். அதன்பின் காணொலி அறுந்ததாக மகள் சொல்லவில்லை.

இழை வேண்டாம் என்பதல்ல வாதம்

இதைப் படிக்கும் சிலர், ‘அப்படியானால் கண்ணாடி இழையே ஆடம்பரம்தானா?’ என்று கேட்கக்கூடும். இல்லை. செம்புக் கம்பியில் தொலைவு கூடக்கூட வேகம் குன்றும். ஈரம் புகுந்தால் இரைச்சல் கூடும். கண்ணாடி இழையில் ஒளி பல பத்து கிலோமீட்டர் வரை பெரிய இழப்பின்றிச் செல்கிறது. இது சாத்தியம் என்று 1966-இல் எழுதிக் காட்டிய சார்லஸ் காவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை இழையைப் புதைத்துவிட்டால், பின்னாளில் இருமுனைகளிலும் உள்ள கருவிகளை மட்டும் மாற்றி வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தலாம். கைப்பேசிக் கோபுரத்தைப்போல் மாலை நேரக் கூட்டத்தில் அது அவ்வளவு எளிதில் திணறுவதில்லை.

அதிவேகம் தேவைப்படும் வீடுகளும் உண்டு. வீட்டிலிருந்தே திரைப்படத் தொகுப்பு செய்பவருக்கு அது தொழிற்கருவி. 100 கிகாபைட் கோப்பு ஒன்று, 100 மெகாபிட் இணைப்பில் இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். 1 கிகாபிட்டில் 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நாளும் இப்படிப்பட்ட கோப்புகளோடு வேலை செய்பவர் தாராளமாகப் பணம் கட்டட்டும். நாளைய தேவை இன்று தெரியாது என்பதும் உண்மை. 9.6 கிலோபிட்டில் மின்னஞ்சல் பார்த்தவர்கள், அதே வலையில் மருத்துவரைப் பார்ப்போம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, வலையமைப்பைப் பெரிதாகக் கட்டுவது தொலைநோக்கு. ஊருக்குப் பெரிய ஏரி வேண்டும்தான். அதற்காக ஒவ்வொரு வீட்டுக் குழாயும் மதகின் அளவில் இருக்க வேண்டியதில்லை. கடைமடை வரை தண்ணீர் போகிறதா என்பதுதான் கேள்வி.

கடைமடையின் நிலை

டெல்டா மாவட்டக் கிராமம் ஒன்றில் என் தங்கை வசிக்கிறாள். அவள் வீட்டில் கம்பிவழி இணைப்பு இல்லை. கணவர், மகன், அவள் என மூவரின் கைப்பேசிகளே அவர்களுடைய இணையம். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்த நாள்களில், மருமகன் மொட்டைமாடியின் ஒரு மூலையில் குடை பிடித்தபடி பாடம் கேட்டான். இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான்; விடுமுறைக்கு வரும்போது செய்முறை அறிக்கையைப் பதிவேற்ற இன்றும் அதே மூலைக்குத்தான் ஏறுகிறான். நாள்தோறும் தரப்படும் தரவு மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக்கு முந்நூறு வேண்டாம். அறாத இருபது போதும்.

அவர்களைப் போன்றவர்களே நாட்டில் மிகப் பெரும்பான்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட 2025 மார்ச் கணக்குப்படி, இந்தியாவின் அகன்ற அலைவரிசை இணைப்புகள் சுமார் 94 கோடி. அவற்றுள் கம்பிவழி இணைப்புகள் 4 கோடியைச் சற்றே தாண்டின. எஞ்சியவை ஏறத்தாழ அனைத்தும் கைப்பேசி வழியானவை.

இதைச் சரிசெய்யும் நோக்கம் அரசுகளுக்கு இல்லாமல் இல்லை. ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011-இல் ஒப்புதல் தரப்பட்டது. பின்னர் அது ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது. 2023 ஆகஸ்டில் அதன் திருத்தப்பட்ட வடிவத்துக்குச் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 கிகாபிட் அளவிலான இணைப்பு என்பது மாநில அரசின் இலக்கு. கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கப்பட்ட ‘கே-ஃபோன்’, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற நோக்கத்தை முன்வைத்தது. கட்டணச் சேவையில் அதன் தொடக்க நிலைத் திட்டத்தின் வேகம் 20 மெகாபிட் என்பது கவனிக்கத்தக்கது. சாமானியக் குடும்பத்தின் தேவையை அது மிகையின்றி மதிப்பிட்டிருக்கிறது.

ஊராட்சி அலுவலகம் வரை 1 கிகாபிட் வருவது ஏரி நிரம்புவதற்கு ஒப்பு. அங்கிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் யார் இழுப்பது, அறுந்தால் யார் எத்தனை நாளில் ஒட்டுவது, மாதக் கட்டணம் ஒரு விவசாயத் தொழிலாளியின் கைக்கு எட்டுமா என்பவைதான் வாய்க்கால் கேள்விகள். இணைய வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இணையத்தின் வழியே கருத்தைச் சொல்லவும் தொழில் நடத்தவும் உள்ள சுதந்திரத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை சொல்லும் உரிமை இணைப்புக்கானது. வேகப் போட்டிக்கானது அல்ல.

எதை அளக்க வேண்டும்?

பிரிட்டனில் 2020 மார்ச் முதல், குறைந்தபட்சம் 10 மெகாபிட் பதிவிறக்கமும் 1 மெகாபிட் பதிவேற்றமும் கொண்ட இணைப்பைக் கோரும் சட்ட உரிமை குடும்பங்களுக்கு உண்டு. ஜெர்மனி 2022-இல் வகுத்த குறைந்தபட்ச அளவில், பதிவிறக்கம், பதிவேற்றம் ஆகியவற்றோடு தாமதத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. நம் நாட்டிலும் டிராயின் 2024-ஆம் ஆண்டுத் தர ஒழுங்குமுறைகள் தாமதம், தரவு இழப்பு ஆகியவற்றுக்கு அளவுகோல்களை வகுத்துள்ளன. ஆனால், அவை ஒழுங்குமுறை ஆவணங்களிலேயே தங்கிவிடுகின்றன. வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் துண்டறிக்கைக்கு வருவதில்லை.

உணவுப் பொட்டலத்தில் உள்ளடக்கத்தை அச்சிட வேண்டும் என்பதுபோல, இணையத் திட்டத்துக்கும் ஒரு விவரச்சீட்டு கட்டாயமாக வேண்டும். பதிவேற்ற வேகம், மாலை நெரிசல் நேரத்தில் கிடைக்கும் வேகம், தாமதம், பழுது நீக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய நான்கும், பதிவிறக்க வேகம் அச்சாகும் அதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும். இணைப்பைப் பொருத்த வரும் பணியாளர், வீட்டின் ஒவ்வோர் அறையிலும் வேகத்தை அளந்து காட்டிய பின்பே கையெழுத்து வாங்க வேண்டும். சாலை தோண்டும் துறைகள் இழை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லவென்று 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியை அறிமுகப்படுத்தியது. அதன் பயன்பாடு உள்ளாட்சியின் கடைசி ஒப்பந்ததாரர் வரை செல்ல வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் திட்டங்களின் வெற்றியை, எத்தனை கிலோமீட்டர் இழை பதித்தோம் என்பதைக் கொண்டு அளவிடாமல், எத்தனை வீடுகளில் இணைப்பு மாதம் முழுவதும் அறாமல் இருந்தது என்பதைக் கொண்டு அளவிட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். திட்டத்தை உயர்த்தும் முன் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். அதன் அருகில் ஒருமுறையும் தொலைவிலுள்ள அறையில் ஒருமுறையும் வேகத்தை அளந்து பாருங்கள். அருகில் நன்றாக இருந்து அறையில் குறைந்தால், குறை நிறுவனத்தின் திட்டத்தில் இல்லை. அருகிலேயே குறைந்தால், உயர்த்துவதற்கு முன் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய வேகம் முதலில் வந்து சேரட்டும்.

நான் சென்ற மாதம் பழைய 40 மெகாபிட் திட்டத்துக்கே திரும்பிவிட்டேன். ஆண்டுக்கு 4,200 ரூபாய் மிச்சம். வேறுபாட்டை வீட்டில் யாரும் உணரவில்லை. தங்கையின் ஊரில் இழை வீட்டு வாசலுக்கு வரும் நாளில், மருமகன் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து தன் மேசையில் உட்காருவான். நாடு முதலில் எட்ட வேண்டிய வேகம் அதுதான்.